பெஞ்சின் மேல் காலணிகள்

படியேறும்போது வலது பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடது சுவரில் சுண்ணாம்பு உதிரும். உங்கள் கறுப்புக் கோட்டில் ஒட்டினால் லேசில் போகாது. திருப்பத்தில் ஒரு படி மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் உயரம். எல்லோரும் அங்கே ஒரு தடவை தடுக்குவார்கள். ஒரு பேராயரே தடுக்கியிருக்கிறார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து சனிக்கிழமைதோறும் இந்தத் தேவாலயத்தின் பெரிய குழாய் வாத்தியமான ஆர்கனைப் பார்க்க வருகிறவர்களை நான்தான் இந்தப் படியில் கூட்டிக்கொண்டு போகிறேன். இதைச் சொல்லாமல் ஒருவரையும் ஏற விட்டதில்லை. என் பொறுப்பில் வந்த யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட ஆனதில்லை, ஆல்கே நிஸ்ஸன் ஒருவரைத் தவிர.

அவரைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். மேலே போய்ப் பேசுவோம். காவல் நிலையத்தில் உட்கார்ந்து சொன்னால் இது விளங்காது. மரத்தையும் ஈயத்தையும் நேரில் பார்க்க வேண்டும்.

வந்துவிட்டோம். கீழே சந்தைச் சத்தம் கேட்கிறதல்லவா, மீன்காரர்கள் கடையைக் கட்டும் நேரம். போரில் இந்த ஆலயத்தைச் சுற்றி நகரத்தின் மையம் முழுக்க எரிந்தது. கோபுரம் உச்சியிலிருந்து உள்ளுக்குள்ளேயே சரிந்து விழுந்தது. இந்த ஆர்கனின் முகப்பு மட்டும் கரி பிடித்து நின்றது. இப்போது நீங்கள் பார்க்கும் பொன் வேலைப்பாடு, எக்காளம் ஊதும் தேவதைகள், எல்லாம் பிறகு செய்தவை. அந்தக் குண்டுத் தேவதையின் மூக்கு மட்டும் பழையது. வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்க வேண்டியதில்லை.

இதுதான் வாசிப்பவர் உட்காரும் பெஞ்ச். எதிரே இருக்கும் மரக்கட்டைகளை அழுத்தினால் குழாய்களுக்குக் காற்று போகும். இரு பக்கமும் இருக்கும் குமிழ்கள் எந்தெந்தக் குழாய் வரிசை பாட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். ஒரு குமிழை இழுத்தால் ஒரு வரிசை. எல்லாவற்றையும் இழுத்தால் தரை நடுங்கும். இடது பக்கம் அந்தக் குறுகிய கதவைப் பாருங்கள். அது ஆர்கனின் வயிற்றுக்குள் போகும் வழி. உள்ளே ஒரு ஆள் பக்கவாட்டாக நடக்கும் அகலத்துக்கு ஒரு பலகை, இரு பக்கமும் குழாய்கள். அந்த உலோகம் அவ்வளவு மென்மையானது, கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழும். அதனால் உள்ளே போகிறவர்கள் காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடுதான் போவார்கள். கழற்றிய காலணியைப் பெஞ்சின் மேல் வைப்பார்கள். தரையிலோ கதவருகிலோ வைப்பதில்லை.

இது இங்கே வழக்கம். பக்கத்து ஊர்களிலும் அப்படித்தான். என் அப்பா காலத்தில் மரச் செருப்புகள் வைத்தார்கள். பெஞ்சில் காலணி இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, கட்டையில் விரல் வைக்கக்கூடாது என்று பொருள். உள்ளே காதுக்குப் பக்கத்தில் ஒரு எக்காளக் குழாய் முழுக் காற்றோடு திறந்தால் என்ன ஆகும் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாமல் செய்ததாக நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

ஆல்கே நிஸ்ஸன் ஆர்கன் கட்டுகிறவர். அடுத்த வருஷம் இந்த ஆர்கனுக்கு முந்நூறு வயது நிறைகிறது. விழாவுக்கு முன்னால் எல்லாக் குழாய்களுக்கும் சுருதி சேர்த்து, எது பழையது, எது பிறகு சேர்த்தது என்று ஆராய்ந்து சொல்லச் சபைக் குழு அவரை அழைத்தது. வசந்தத்தில் வந்தார். நாற்பது வயதுக்குள் இருப்பார். தலைமுடியை ஒரு பென்சிலால் முடிந்துகொள்வார். சுருதி சேர்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே குழாயோடு, இன்னொருவர் வெளியே கட்டையோடு. கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார எல்லோருக்கும் பொறுமை இருக்காது. எனக்கு இருக்கிறது. கோடை முழுக்க அவர் உள்ளிருந்து "அடுத்தது" என்பார், நான் அடுத்த கட்டைக்குப் போவேன். நாள் முழுக்க அந்த ஒரு சொல்தான். எனக்குப் பிடித்திருந்தது.

அவர் நல்ல மனுஷி. வேடிக்கையாகப் பேசுவார். ஒருநாள் உள்ளிருந்தே கேட்டார்.

"லூட் ஐயா, இந்த ஆர்கனுக்குள்ள எத்தனை எலி இருக்கும்?"

"எலியே கிடையாது."

"அப்போ பெஞ்சுல வச்சிருந்த என் மீன் ரொட்டியை நீங்கதான் தின்னீங்க."

"உங்க காலணி பக்கத்துல வச்ச ரொட்டியை எலிகூடத் தொடாது."

உள்ளே அவர் சிரித்தது எல்லாக் குழாய்களிலும் லேசாக எதிரொலித்தது.

இப்போது அந்தக் குமிழைப் பாருங்கள். மேல் வரிசையில் மூன்றாவது. எழுத்து தேய்ந்திருக்கிறது. அதன் பெயர் மனிதக்குரல். உள்ளே ஒரு உலோக நாக்கு அதிர்ந்து பாடும் சின்னச் சின்னக் குழாய்கள், ஒரு வரிசை. தூரத்து அறையில் யாரோ வாய் மூடிப் பாடுவது போலக் கேட்கும். அதற்காகத்தான் ஆட்கள் வருகிறார்கள். மற்ற குழாய்கள் பெரும்பாலும் தீயில் உருகின, பிறகு புதிதாகச் செய்யப்பட்டன. மனிதக்குரல் மட்டும்தான் இந்த ஆர்கனை முதலில் கட்டிய ஆசானின் கையால் வார்த்தது. அதைக் காப்பாற்றியவர் என் அப்பா, யோஹான் லூட். இந்த ஆலயத்தின் பணியாளர். ஏறி வரும்போது படியடியில் பித்தளைத் தகட்டைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர்தான். குண்டு விழத் தொடங்கிய கோடையில் அவர் அந்தக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பாடகர் குழுவின் அங்கிகளில் சுற்றி, ஒரு காலிச் சவப்பெட்டிக்குள் அடுக்கி, தரைக்கடியில் இருக்கும் கல்லறை அறையில் வைத்தார். மேலே எல்லாம் எரிந்தது. கீழே அவை படுத்திருந்தன.

இந்தக் கதையை நான் சொல்லி முடித்ததும் குமிழை இழுத்து ஒரு கட்டையை அழுத்துவேன். அழாதவர்கள் குறைவு. இந்த ஊரில் எத்தனையோ பேர் வீட்டில் போருக்கு முந்தைய ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. ஒரு குரல் மிஞ்சியது என்பது சின்ன விஷயமல்ல.

வருகிறவர்களிடம் நான் சொல்லாத ஒரு சின்னப் பகுதி உண்டு. மறைக்க வேண்டும் என்பதற்காக அல்ல, கதை நீண்டுவிடும். போர் முடிந்த இரண்டாவது குளிர்காலம் மிக மோசமானது. ஆற்றில் கப்பல்கள் உறைந்து நின்றன. எனக்கு எட்டு வயது, தங்கை வீப்கேவுக்கு ஒன்று முடியவில்லை. அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. கல்லறை அறையில் ஈரம் ஏறுகிறது, குழாய்கள் கெட்டுவிடும் என்று அப்பா சொன்னார். துறைமுகத்தில் பூக் என்றொருவர் இருந்தார். பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். அவருடைய பட்டறை எப்போதும் வெதுவெதுப்பாக, ஈரமில்லாமல் இருக்கும். அதனால் குழாய்களை அவரிடம் கொண்டுபோய் வைத்தோம். பெரியவர்களைச் சிப்பாய்கள் சோதிப்பார்கள், பள்ளிப் பையைச் சோதிக்க மாட்டார்கள். ஆகவே நான்தான் கொண்டுபோனேன், ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று. பூக் இரக்கமுள்ள மனிதர். நான் போகும்போதெல்லாம் பையைக் காலியாகத் திருப்பி அனுப்ப மாட்டார். உருளைக்கிழங்கு, ஒரு தடவை பன்றிக் கொழுப்பு. அவருடைய அடுப்பில் ஒரு சட்டியில் நிலவு மாதிரி ஏதோ தளதளவென்று அசைந்துகொண்டிருக்கும். யாருடைய பாத்திரத்துக்கோ ஈயம் காய்ச்சுகிறார் என்று அப்பா சொன்னார். வீப்கே பிழைத்தாள். சில வருஷம் கழித்து ஆர்கனைத் திரும்பக் கட்டியபோது பூக் குழாய்களைத் திருப்பித் தந்தார். முன்பைவிடப் பளபளப்பாக இருந்தன. துடைத்து வைத்திருந்தார்.

இதை ஆல்கேயிடம் நானாகத்தான் சொன்னேன்.

போன மாதம், ஒரு வியாழக்கிழமை. மழை. இந்த மாடத்திலேயே காப்பி குடித்தோம். நான் வெண்ணெய் கேக் வாங்கி வந்திருந்தேன். அவர் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் இருந்தார்.

"லூட் ஐயா, ஒண்ணு சொல்லணும். குழுகிட்டச் சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்டச் சொல்லணும்னு நினைச்சேன்."

"சொல்லுங்க."

"மனிதக்குரல் பழசு இல்ல."

நான் காப்பியை ஊற்றி முடித்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பழைய குழாய் பேசுறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுக்கும். நம்மளை மாதிரி. இது மூச்சே விடாமப் பேசுது. யாரோ கெட்டிக்காரர் பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்காரு. ஆனா வேற கை."

"பரிசோதனைக்கு அனுப்பலாமே. உலோகத்தைச் சுரண்டி."

"அனுப்பிப் பிரயோஜனம் இல்ல. உடைஞ்ச பழைய குழாய்களை உருக்கித்தான் இதைச் செஞ்சிருக்காங்க. உலோகம் பழசுன்னுதான் வரும். எழுதுற அறிக்கையில மத்ததெல்லாம் முடிஞ்சிது, இந்தப் பக்கம்தான் பாக்கி. சனிக்கிழமை உள்ள போயி கடைசியா ஒரு தடவை கேட்டுட்டு, திங்கக்கிழமை குழுகிட்டச் சொல்லிடுவேன். இதுக்கு என் காதுதான் சாட்சி."

அப்போதுதான் பூக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார், குழாய்கள் எங்கே பத்திரமாக இருந்தன என்று தெரிந்தால் ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். பள்ளிப் பை, உருளைக்கிழங்கு, கொழுப்பு, அடுப்புச் சட்டி எல்லாம் சொன்னேன். சொல்லும்போது அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். கேக்கைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஹின்ரிக்," என்றார். அதுவரை லூட் ஐயாதான். எங்கள் பக்கம் மூத்தவர் தானாகச் சொல்லாமல் இளையவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "ஹின்ரிக், பூக் அதைப் பத்திரமா வைக்கல. உருக்கிட்டாரு. நீங்க அதைத் தின்னுட்டீங்க."

நான் கையை விடுவித்துக்கொண்டு கேக் தட்டை மூடினேன்.

"யாரும் உங்க அப்பாவைக் குறை சொல்ல மாட்டாங்க. எங்க தாத்தா அந்தக் குளிருல பியானோவைக் கொடுத்து ஒரு பன்னி வாங்கினாரு. பாட்டி சாகுற வரைக்கும் அந்தப் பன்னியோட பாட்டைப் பத்திப் பேசிச் சிரிச்சாங்க." அவரும் கொஞ்சம் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. "இதையும் சொல்லுங்க, ஹின்ரிக். வர்றவங்ககிட்ட. இது நல்ல கதை. பழைய கதையைவிட நல்ல கதை."

அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். திங்கட்கிழமை குழுவிடம், செவ்வாய்க்கிழமை செய்தித்தாளில், விழா அன்று ஊர் முழுக்க. பித்தளைத் தகட்டில் இருக்கும் மனிதர் ஈயச்சட்டிக்காரரிடம் கிழங்கு வாங்கியவர் ஆகிவிடுவார். இத்தனை வருஷம் இங்கே நின்று அழுதவர்கள் எதைக் கேட்டு அழுதார்கள்? நான் கோபப்படவில்லை. கணக்குப் பார்த்தேன். உலோகம் சாட்சி சொல்லாது. பூக் இறந்துவிட்டார். அப்பா இறந்துவிட்டார். ஒரு காது மட்டும்தான் இருக்கிறது. கொலை என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு தீங்கும் வரக்கூடாது என்றுதான் நினைத்தேன், அந்த ஒன்றைத் தவிர.

சனிக்கிழமை நண்பகல் தீவிலிருந்து ஒரு பாடகர் குழு வருவதாக இருந்தது. முதியவர்கள். அவர்களுடைய வாசிப்பாளர் ஹார்ம் வெஸ்ஸல் ஆர்கனை வாசிக்க முன்பே அனுமதி வாங்கியிருந்தார். ஆல்கே காலையிலிருந்து உள்ளே இருந்தார். மனிதக்குரல் வரிசை எக்காளங்களுக்கு நடுவில் நிற்கிறது. அவருடைய இரண்டு காதுக்கும் பக்கத்தில் எக்காளங்கள். நண்பகல் மணி அடித்ததும் உள்ளிருந்து கேட்டார்.

"ஆளுங்க வந்துட்டாங்களா?"

"படியில வர்றாங்க."

"எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேணும். நீங்க கதையைச் சொல்லிட்டு இருங்க. நான் முடிச்சதும் வந்துடறேன், அப்புறம் வாசிக்கட்டும். காத்து மோட்டாரை அணைக்காதீங்க, சுருதி ஆடிடும்."

"சரி."

அவருடைய காலணிகள் பெஞ்சின் மேல் இருந்தன. பழுப்பு நிறம், குதிகால் ஒரு பக்கம் தேய்ந்தவை. நான் அவற்றை எடுத்துக் கோட்டு மாட்டும் இடத்துக்குக் கீழே, வாசிப்பாளர்களின் மற்ற காலணிகளோடு ஒழுங்காக வைத்தேன். கயிறுகளை உள்ளே மடித்தும் விட்டேன். மருத்துவமனையிலிருந்து அவர், தான் காலணியைப் பெஞ்சில் வைத்ததாகவே எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறார் என்றும், அதிர்ச்சியில் ஞாபகம் குழம்பியிருக்கலாம் என்று மருத்துவர் சொல்கிறார் என்றும் நீங்கள் தொலைபேசியில் சொன்னீர்கள். அதனால்தான் இன்று பேசச் சம்மதித்தேன். ஆல்கே நிஸ்ஸனுக்கு ஞாபகம் குழம்பாது. அப்படி ஒரு பேச்சு அவர்மேல் வருவது நியாயமில்லை.

பாடகர் குழு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. திருப்பத்துப் படியில் ஒரு அம்மாள் தடுக்கினார், விழவில்லை. ஒரு கிழவர் அந்தக் குறுகிய கதவைக் காட்டி வெஸ்ஸலைச் சீண்டினார்.

"வெஸ்ஸல், உன் வயிறு இந்தக் கதவுல நுழையுமான்னு பார்த்துக்கோ."

"வயிறு இல்லாம எவன் கனத்த பாஸ் குரல்ல பாடுறான்? நீயும் உன் சிட்டுக்குருவிக் குரலும்."

நான் கதையைச் சொன்னேன். சவப்பெட்டி, அங்கிகள், தீ. மனிதக்குரலை மட்டும் அன்று ஒலித்துக் காட்டவில்லை. வெஸ்ஸல் பெஞ்சுக்கு அருகில் வந்து நின்றார். வழக்கம் தெரிந்தவர். உட்காருமுன் முதலில் பெஞ்சைத்தான் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"உள்ள யாரும் இல்லையே?"

"பெஞ்ச் காலியாத்தான் இருக்கு," என்றேன்.

பெஞ்ச் காலியாகத்தான் இருந்தது. அவர் இரண்டு தடவை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் ஒரு தடவைதான் கேட்டார். வேறு எந்த நல்ல வாசிப்பாளரும் ஒரு தடவைதான் கேட்டிருப்பார். அவர்மேல் வழக்குப் போடாதீர்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு கட்டையையும் தொடவில்லையாம், தீவில் ஞாயிறுகளில் வாத்தியம் இல்லாமல் பாடுகிறார்களாம். கேட்கக் கஷ்டமாக இருக்கிறது.

குமிழ்களை நானே இழுத்துக் கொடுத்தேன், இரு பக்கமும்.

"எல்லாமேவா?" என்றார்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க."

"அப்போ ஊரை எழுப்பிடுவோம்."

ஒரு சுரக்கூட்டு மட்டும் வாசிக்கத்தான் அவர் நினைத்தார். முதல் சத்தத்தில் கிழவிகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அவர் கையை எடுக்கப் போனபோது, நிறுத்தாதீர்கள், முழுப் பாட்டையும் வாசியுங்கள் என்று சைகை காட்டினேன். நீளமான பாட்டு. கடைசிச் சரணத்தை இரண்டு தடவை வாசித்தார். ஒரு ஆர்கனுக்குள்ளிருந்து ஒருவர் கத்தினால் வெளியே என்ன கேட்கும் என்று உங்கள் சக அதிகாரி கேட்டாராம். எதுவும் கேட்காது. அது இன்னொரு குழாய்.

முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஓரமாக நகர்ந்தேன். கதவு திறந்தது. அவர் காலுறையோடு நின்றார். பென்சில் விழுந்து முடி அவிழ்ந்திருந்தது. ஒரு காதிலிருந்து கழுத்துவரை மெல்லிய கோடாக ரத்தம். முதலில் பெஞ்சைப் பார்த்தார். அப்புறம் கைதட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து மிகச் சத்தமாகக் கேட்டார்.

"ஏன் எல்லாரும் பேசாம நிக்கிறீங்க?"

ஒரு காதில் இப்போதும் ஒரு ரீங்காரம் ஓயாமல் இருக்கிறதாம். அது எந்தச் சுரம் என்று மருத்துவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் அப்படித்தான். மற்றபடி ஒன்றுமே கேட்கவில்லை. நான் இரண்டு முறை வெண்ணெய் கேக் கொண்டுபோனேன். அறிக்கையில் அந்தப் பக்கம் எழுதப்படவில்லை. கடைசியாக ஒரு தடவை கேட்காமல், இனிக் கேட்கவும் முடியாமல், எழுதுவது நேர்மையல்ல என்று குழுவுக்குச் சொல்லியனுப்பிவிட்டார். நான் அவரை மதிக்கிறேன்.

கதவைப் பற்றிக் கேட்டீர்கள். உள்ளிருந்து தள்ளியும் திறக்கவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். மழைக்கு மரம் உப்பிப் பிடித்துக்கொள்ளும் என்று உங்கள் ஆட்களிடம் நான் சொன்னேன். ஒரு விரலால் அசைத்துப் பாருங்கள். பிடிக்காது. தாழ்ப்பாளும் இல்லை. வெளிப்பக்கம் திறக்கும் கதவு, அவ்வளவுதான்.

யாரையாவது மேலே கூட்டிவந்தால் நான் எப்போதும் நிற்கும் இடம் அந்தக் கதவுதான், முதுகைச் சாய்த்துக்கொண்டு. வாசிக்கும்போது மரம் முழுக்க அதிரும். வருகிறவர்களையும் கை வைத்துப் பார்க்கச் சொல்வேன், இதயம் மாதிரி இருக்கிறது என்பார்கள். அன்று முதுகில் பட்டதும் அந்த அதிர்வுதான் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். ஆனால் ஆர்கனின் அதிர்வு பாட்டோடு சேர்ந்து போகும். இது சேரவில்லை. இரண்டு உள்ளங்கைகள், தோள்பட்டைக்குக் கீழே. அப்புறம் முஷ்டி. இரண்டாம் சரணத்தில் இன்னும் கீழே, இடுப்புக்குப் பக்கத்தில், அவர் உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. கடைசிச் சரணத்தில் விரல் நகங்கள் மட்டும். நான் பாட்டு முடியும்வரை காலை நன்றாக ஊன்றிக்கொண்டேன்.

அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. போவதற்கு முன் ஒரு நிமிஷம் உட்காருங்கள். பெஞ்சில் எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம். இந்தக் குமிழை இழுக்கிறேன். கேளுங்கள், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது பாருங்கள். முந்நூறு வருஷத்துப் பழைய குரல். இல்லை என்று சொல்லக்கூடியவர் இனி இந்த ஊரில் யாரும் இல்லை.